மூளைச்சாவு பற்றிக் கேட்டால் ஜப்பானிய மாணவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: ஜப்பானில் ஐச்சி மாகாணத்தில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு, 36 பேர், வாரம் ஒரு முறை 50 நிமிடம். இந்தப் பருவம் பயோஎதிக்ஸை (உயிர், மருத்துவம் சார்ந்த அறக்கேள்விகளை) ஆங்கிலத்திலேயே நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க வழக்கு ஒன்றைப் படிக்கக் கொடுத்து, ‘மூளைச்சாவு மரணம்தானா’ என்று இரண்டு அணியாகப் பிரித்து விவாதம் வைத்தேன். ஒருவரும் பேசவில்லை. ஆங்கிலம் போதவில்லையா, ஆர்வம் இல்லையா?

பதில்: இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்நிய மொழி, கேள்விப்படாத வழக்கு, முப்பத்தைந்து பேர் பார்க்கச் சாவைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம். மூன்றையும் ஒரே நாளில் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டீர்கள். மொழியை இறக்கிவைக்க முடியாது, அதுதான் உங்கள் பாடம். மற்ற இரண்டையும் இறக்கிவிடலாம்.

முதலில் வழக்கை மாற்றுங்கள். மூளைச்சாவு விஷயத்தில் ஜப்பான் அளவுக்கு மண்டையை உடைத்துக்கொண்ட நாடுகள் குறைவு. அமெரிக்காவுக்குப் போக அவசியமே இல்லை. 1968 ஆகஸ்டில் சப்போரோவில் வாடா ஜூரோ என்ற அறுவை மருத்துவர் நாட்டின் முதல் இதயமாற்று சிகிச்சையைச் செய்தார். இதயம் வந்தது நீரில் மூழ்கிய ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து. பெற்றுக்கொண்டவருக்கு வயது 18. அவரும் 83 நாளில் இறந்துபோனார். ஆரம்பத்தில் ஒரே கொண்டாட்டம். அப்புறம்தான் சந்தேகம் கிளம்பியது: மூழ்கியவர் உண்மையிலேயே இறந்துதான் போயிருந்தாரா? மற்றவருக்கு இதயத்தை மாற்றும் அளவுக்கு அவசியம் இருந்ததா? கொலைப் புகார் வரை போய், 1970-இல் வழக்குத் தொடுக்காமல் விட்டார்கள். நாட்டின் அடுத்த இதயமாற்று சிகிச்சை நடந்தது 1999 பிப்ரவரியில். உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிக்கு இந்தக் கதை நினைவிருக்கும். அரைப் பக்க எளிய ஆங்கிலத்தில் இதை நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘மூளைச்சாவு’, ‘உறுப்பு மாற்று’ மாதிரி ஏழெட்டுச் சொற்களுக்கு ஜப்பானிய அர்த்தத்தை ஓரத்திலேயே போட்டுவிடுங்கள். அகராதி புரட்டுவதில் வகுப்பு நேரம் போகக் கூடாது.

அடுத்தது சட்டம். என் கணிப்பில் இந்தப் பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. 1997-இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி, தானம் செய்கிறேன் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், குடும்பமும் மறுக்கக் கூடாது. அப்போதுதான் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பை எடுக்கலாம். ஆக, ஒரே நிலையில் படுத்திருக்கும் இருவரில் எழுதி வைத்தவரை இறந்தவராகக் கொள்ளலாம், எழுதாதவரை அப்படிக் கொள்ள முடியாது. 2010 ஜூலையில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இப்போது அவர் மனசு என்னவென்று தெரியாவிட்டால் குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் போதும். 15 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளிடமிருந்தும் தானம் பெறலாம்.

இதை இலக்கணத்தோடு சேர்த்துப் பாருங்கள். பழைய சட்டத்துக்கு வேண்டியது இறந்தகால வாக்கியம்: அவர் எழுதினார், அவர் சொன்னார். புதிய சட்டம் குடும்பத்தைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவது ‘இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்’ என்ற வாக்கியத்தில். உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் முட்டிமோதும் ‘இஃப்’ வாக்கியங்கள் இவைதானே? ‘நான் பறவையாக இருந்தால்’ என்று பயிற்சி செய்து அலுத்துப்போன வடிவத்துக்கு இங்கே நிஜமாகவே வேலை இருக்கிறது. ஒரு வாரம் 1997, மறுவாரம் 2010 என்று பிரித்து, இரண்டாவது வாரத்தில் நிபந்தனை வாக்கியங்களைக் கொண்டுவாருங்கள்.

இப்போது சொந்த அபிப்பிராயப் பிரச்சினை. அங்கே ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கமும் மை நம்பர் என்ற அரசு அடையாள அட்டையிலும் தானம் பற்றிக் குறிக்க இடம் இருக்கிறது. மூன்று தேர்வுகள்: மூளைச்சாவுக்குப் பிறகும் இதயம் நின்ற பிறகும் தருகிறேன், இதயம் நின்ற பிறகு மட்டும் தருகிறேன், தரமாட்டேன். முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால், கொடுக்க விரும்பாத உறுப்புக்குப் பெருக்கல் குறி போடலாம். இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம், சிறுகுடல், கண் என்று ஏழும் வரிசையாக இருக்கும். உங்கள் மாணவர்களுக்கு இது விளையாட்டு அட்டை இல்லை. 15 வயது ஆனவர் இதில் எழுதும் சம்மதம் செல்லும். மறுப்புக்கு வயது வரம்பே இல்லை. அதனாலேயே அவர்களைச் சொந்தமாக நிரப்பச் சொல்லாதீர்கள். இருபது வயதில் ஒரு கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கி, அவருடைய அட்டையை நிரப்பச் சொல்லுங்கள். என் வகுப்புகளில் அதிகம் குறி விழுவது கண்ணுக்குத்தான். இதயம் போனால் பரவாயில்லையாம், கண் கூடாதாம்! ஏன் என்று கேட்டுப் பாருங்கள், ‘பிகாஸ்’ தானாக வரும்.

பிறகு நான்கு பேர் கொண்ட ஒன்பது குழுக்கள்: அப்பா, அக்கா, மருத்துவர், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். இந்த முறை பாத்திரத்தின் அட்டை காலியாக இருக்கிறது, மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் நால்வரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதரவு, எதிர்ப்பு என்ற அணிகளே வேண்டாம். ஜெயிப்பதற்காகப் பேசும் வடிவம் இந்தத் தலைப்புக்குப் பொருந்தாது, எந்த நாட்டிலும். ஒருங்கிணைப்பாளர் கேள்வி கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது, நிஜத்திலும் அப்படித்தான். இந்த வேடத்தை ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக வருகிறவருக்குக் கொடுத்தால் குழு ஓடிவிடும். பேசுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் எழுத விடுங்கள். எழுதியதைப் பார்த்து வாசித்தாலும் தப்பில்லை.

‘இட் டிபெண்ட்ஸ்’ என்று சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பார்கள். தடுக்காதீர்கள். ‘ஆன்’ சேர்த்து வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள். எதைப் பொறுத்தது என்று சொல்ல ஆரம்பித்தாலே பாதி பயோஎதிக்ஸ் வந்துவிட்டது.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு 2023-லிருந்து அரசு மரியாதை உண்டு. நம்மில் பலருக்குத் தானம் என்றாலே புண்ணியம்தான். அந்த வேகம் உங்கள் முகத்தில் தெரிந்தால், பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மதிப்பெண் காரணத்துக்கும் மொழிக்கும்தான், முடிவுக்கு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னும் எளிதான நுழைவாயில் வேண்டுமென்றால், தாத்தாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடமே சொல்வதா என்ற கேள்வியை எடுங்கள். பேரரசர் ஹிரோஹிதோவுக்கு முன்சிறுகுடலில் புற்றுநோய் என்பதை நாட்டு மக்களுக்கு அறிவித்ததே 1989 ஜனவரியில் அவர் இறந்த பிறகுதான். தாத்தா கேள்விக்கு ‘ஷுட்’ (should) போதும், பெரிய இலக்கணம் வேண்டாம். உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிள்ளை பிறக்கக் கூடாது என்று 1948 முதல் 1996 வரை இருந்த யூஜெனிக்ஸ் சட்டத்தையும், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கட்டாயம் எடுக்க வேண்டும்தான். சுமார் 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை நடந்த விஷயம் அது. ஆனால் வகுப்பு பேசப் பழகிய பிறகு, பருவக் கடைசியில் வையுங்கள்.

வகுப்பில் யார் வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வகுப்பாசிரியரிடமும் உடல்நல அறை ஆசிரியையிடமும் ஒரு வாரம் முன்பே தலைப்பைச் சொல்லிவையுங்கள். யாராவது எழுந்து அந்த அறைக்குப் போகிறேன் என்றால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். குழுவில் மூன்று பேர் மிஞ்சினால் அக்கா வேடத்தை எடுத்துவிடலாம்.