வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: பனிக்காலத்தில் வேட்டை நாய்க்குட்டி

கேள்வி: ஐயா, கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிப்பிப்பாறை நாய்களோடு வளர்ந்தவன் நான், 40 ஆண்டுகளாகச் சென்னைவாசி. கனடாவின் வின்னிபெக் நகரில் இருக்கும் என் மகன், எட்டு மாத வயதுடைய ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் ஒன்றை, அடுத்த இலையுதிர்காலப் பறவை வேட்டைக்காக வளர்த்து வருகிறான். டிசம்பர் முதல் மார்ச் வரை நான் அங்கே தங்கப் போகிறேன். பகலில் நாய் என் பொறுப்பு. வெளியே மைனஸ் 20 டிகிரி குளிரும் முழங்கால் அளவுப் பனியும் இருக்கையில் பயிற்சியை எப்படித் தொடர்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மேற்கு மாம்பலம்

பதில்: உங்கள் கடிதத்தில் குளிரைப் பற்றிய கவலையே மேலோங்கி இருக்கிறது. எனக்கோ உங்கள் சிப்பிப்பாறை அனுபவத்தை நினைத்தால்தான் சற்றுக் கவலையாக இருக்கிறது. சிப்பிப்பாறை இரையைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்கும் நாய். அது ஓடும்போது கூடவே குரல் கொடுத்து ஓடிய பழக்கம் உங்களுக்கு இருக்கும். (1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஓட்டம் நம் ஊரில் பழங்கதையாகிவிட்டது, அங்கே உரிமம் பெற்று, பருவம் பார்த்து வேட்டையாடலாம்.) பாயின்டரோ, புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தால் கண்டறிந்து, வேட்டைக்காரர் வந்து சேரும்வரை சிலைபோல அசையாமல் நிற்க வேண்டிய நாய். அது விரட்டினால், துப்பாக்கிக்கு எட்டாத தொலைவிலேயே பறவை எழும்பிப் பறந்துவிடும். ஆகவே கொல்லைப்புறத்தில் அணிலையோ முயலையோ கண்டு அது பாயும்போது, பழைய நினைவில் உற்சாகப்படுத்திவிடாதீர்கள்.

நிற்கக் கற்றுக்கொடுக்க வயல்வெளி வேண்டியதில்லை, வீட்டு நடையே போதும். உணவுத் தட்டைக் கீழே வைப்பதற்கு முன் ‘நில்’ என்று சொல்லி, முதலில் இரண்டு நொடி, சில நாள் கழித்து ஐந்து நொடி, பின்னர் நீங்கள் அடுத்த அறைக்குப் போய்த் திரும்பும்வரை என நிறுத்திப் பழக்குங்கள். வாசற்கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதையே செய்யுங்கள். ஆனால் எந்தச் சொல் என்பதை மகனோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் ‘நில்’ என்றும், மகன் ‘வோ’ என்றும், மருமகள் ‘ஸ்டே’ என்றும் சொன்னால், நாய் மூவரையும் பொருட்படுத்தாது. தமிழ்ச் சொல்லாகவே இருக்கட்டும் என்பது என் விருப்பம். நாய்க்கு அதில் மறுப்பிருக்காது.

எடுத்துவரும் பயிற்சிக்கு, சுருட்டிக் கட்டிய பழைய காலுறை போதும். இருபுறமும் கதவடைத்த நடையில் எறிந்தால், நாய் அதை வாயில் கவ்விக்கொண்டு உங்களிடம் வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்தாறு முறை எறிந்தவுடன், இன்னும் வேண்டும் என்று அது துடிக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வழவழப்பான மரத் தரையானால் மேலே கம்பளம் விரியுங்கள். வளரும் வயதில் சறுக்கி விழுவது மூட்டுகளுக்குக் கேடு. துப்பாக்கிச் சத்தத்துக்கான முதல் பாடத்தையும் இங்கேயே தொடங்கலாம். நாய் ஆவலுடன் சாப்பிடும்போது, தொலைவிலுள்ள அறையில் ஒருவர் எவர்சில்வர் தட்டை மெல்லத் தட்டட்டும். அது தலை நிமிராமல் உண்டால் மட்டுமே, நாட்கணக்கில், ஒலியையும் நெருக்கத்தையும் கூட்டலாம். தீபாவளி வெடிக்கு மிரண்டு கட்டிலுக்கடியில் ஒடுங்கிய நாயை மீட்பது எவ்வளவு கடினம் என்பதைச் சென்னையில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்த அச்சம் ஒருமுறை ஊன்றிவிட்டால் வேட்டை நாயாக அதை ஆக்குவது ஏறக்குறைய முடியாத காரியம்.

வெளியே போவதை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பெயரிலேயே இருப்பதுபோல் இது குட்டை மயிர் நாய். லேப்ரடாருக்கு உள்ளதைப் போன்ற அடர்ந்த உள்மயிர் இதற்கு இல்லை. மைனஸ் 20-இல் மேற்சட்டையும் காலுறையும் அணிவித்து, நண்பகலில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். பாதத்தை மாறிமாறித் தூக்கினாலோ, நடுங்கினாலோ, நடக்க மறுத்தாலோ உடனே திரும்புங்கள். காது நுனியும் வால் நுனியும்தான் முதலில் உறைவுக் காயம் அடையும் இடங்கள். சாலையில் பனிக்கட்டியை உருக்கத் தூவும் உப்பு பாதத்தைப் புண்ணாக்கும் என்பதால், வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கில் திரண்ட பனியை நீக்கி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் இனிப்புச் சுவையுடையது. எத்திலீன் கிளைக்கால் கலந்த அத்திரவத்தைச் சிறிதளவு நக்கினாலும் சிறுநீரகம் செயலிழந்து நாய் இறக்கக்கூடும். உறைந்த ஏரியின் மேல் நாயை அவிழ்த்துவிடவே வேண்டாம்.

குளிர் சற்றுத் தணிந்த நாட்களில் 30 அடிக் கயிற்றில் கட்டி, விசில் ஒலிக்குத் திரும்பி வரப் பழக்கலாம். அங்கே ஒரு சிக்கல் உண்டு. பனியில் நீங்கள் நடந்துபோய்ப் பொருளை ஒளித்துவைத்தால், நாய் மோப்பம் பிடிக்காமல் உங்கள் காலடித் தடத்தைக் கண்ணால் பார்த்தே போய் எடுத்துவந்துவிடும். நீங்களும் அதன் மூக்கைப் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள்! முதலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து தடங்களைக் குழப்பிவிட்டு, பிறகு ஒளித்துவையுங்கள். கண் முன்னே எறிந்து எடுத்துவரச் செய்யும் பயிற்சிக்கோ வெள்ளைப் பனியில் எடுப்பாகத் தெரியும் கறுப்புப் பொருளே நல்லது.

கேள்வி: மகள் வீட்டு நாய் பனியையே அள்ளித் தின்கிறது. தனியாகத் தண்ணீர் வைக்க வேண்டுமா? குளிருக்கு நம் வீட்டுச் சாப்பாட்டைக் கூடுதலாகப் போடலாமா?
— இல்லத்தரசி, அண்ணா நகர்

பதில்: தண்ணீர் கட்டாயம் வேண்டும். பனி உருகிக் கிடைக்கும் நீர் மிகக் குறைவு. அதை உருக்க உடல் தன் சூட்டையும் செலவிட வேண்டும். வெளியில் ஓடியாடும் நாய்க்குக் குளிர்காலத்தில் உணவைச் சற்றுக் கூட்டலாம். பெரும்பகுதி நேரம் வீட்டுக்குள் படுத்திருக்கும் நாய்க்குக் கூட்டினால் எடைதான் ஏறும். அதன் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படுகின்றனவா என்று வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். சாம்பாரும் குருமாவும் வேண்டாம், வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் நாய்க்கு ஆகாது.