காரெத் பேல் ரியல் மாட்ரிட்டில் தோற்றுப்போனவரா? சொந்த ரசிகர்களே அவரை ஏன் அவ்வளவு வெறுத்தார்கள்?

கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். 'தோற்றுப்போனவர்' என்ற சொல் விடவில்லை. நீங்கள் அந்தக் கொடிப் படத்தை எங்கேயோ ரீல்ஸில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேல்ஸ் கொடியில் 'வேல்ஸ். கோல்ஃப். மாட்ரிட். அந்த வரிசையில்' என்று எழுதியிருக்கும், அதை வைத்துக்கொண்டு பேல் சிரித்துக் குதிப்பாரே, அதுதான். அந்தப் படம் வந்த வாரம் நான் மாட்ரிட்டில் இருந்தேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தோல்வி இல்லை. வேல்ஸ் நாட்டு ஃபுட்பால் ஆட்டக்காரரான பேலை ஸ்பானிய கிளப்பான ரியல் மாட்ரிட் 2013-இல் சுமார் 10 கோடி யூரோவுக்கு வாங்கியது, அன்றைக்கு உலகத்திலேயே பெரிய விலை. 258 ஆட்டங்கள், 106 கோல்கள், ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீகில் 5 பதக்கங்கள். இதில் 2022 பதக்கத்தில் அவர் பங்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம், அதை நானே ஒப்புக்கொள்கிறேன், கமெண்டில் யாரும் கிளம்ப வேண்டாம். மற்றவற்றைப் பாருங்கள். 2014 கோபா டெல் ரே, அதாவது ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பை, இறுதியாட்டம், எதிரணி பார்சிலோனா, 85-ஆவது நிமிடம். எதிரணித் தடுப்பாட்டக்காரர் பார்த்ரா தோளால் தள்ளியதில் மைதானக் கோட்டுக்கு வெளியே போய், அங்கிருந்தே ஓடி உள்ளே வந்து கோல் போட்டார். ஒரு மாதம் கழித்து லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், கூடுதல் நேரத்தில் அணியை முன்னிலைக்குக் கொண்டுபோன தலையடி அவருடையது. 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், கீவ் நகரத்தில் லிவர்பூலோடு, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மூன்றே நிமிடத்தில் அந்த பைசிக்கிள் கிக், அந்தரத்தில் மல்லாந்து தலைக்கு மேலே உதைத்த கோல். அப்புறம் இன்னொன்று, அது லிவர்பூல் கோல்கீப்பர் கைதவறவிட்டது, சரி, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்ரிட் ரசிகன் கிடையாது. பேலை முதலில் பார்த்தது 2010-இல், கல்லூரி விடுதி டிவியில், நள்ளிரவு தாண்டி. மிலானில் இன்டர் அணிக்கு எதிராக, பேல் அப்போது ஆடிய லண்டன் கிளப் டாட்டன்ஹாம் பத்துப் பேரோடு 4-0 பின்தங்கிக் கிடக்கிறது. இடதுபக்கம் ஒரு ஒல்லிப் பையன் ஓடி ஓடி மூன்று கோல் போட்டான். 4-3. தோற்ற ஆட்டம்தான், ஆனால் மறுநாள் விடுதியில் ஜெயித்த அணியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதே பையன் டாட்டன்ஹாமில் சேர்ந்த புதிதில் ஆடிய 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி ஜெயிக்கவில்லை, ராசியில்லாதவன் என்ற பெயரே இருந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

சரி, மாட்ரிட்டுக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் ஆன்சைட் வேலையாகப் போனேன். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மென்பொருள் பராமரிப்பு. முதல் நாளே அலுவலகத்தில் எல்லோரும் 'பாலே, பாலே' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானிய மொழியில் 'சரி' என்பதற்கு அந்தச் சொல். எழுதுவது 'வ', சொல்வது 'ப'. பேலின் பெயரை ஸ்பானியக் கணக்கில் எழுத்துக்கூட்டினாலும் அதே சத்தம்தான் வரும். முதல் வாரம் முழுக்க ஆபீஸே ஃபுட்பால் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

அங்கே மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு. ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். எனக்குப் பன்னிரண்டரைக்கே வயிறு கிள்ளும். டப்பாவில் இருக்கும் தயிர்சாதத்தை என் மேஜையிலேயே முடித்துவிடுவேன். வேலை முடிந்ததும் பீர் குடிக்கப் போவார்கள், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு என்பார்கள், அந்த நேரத்தில் நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அணியின் கோல்கீப்பர் கோர்ட்வா ஒரு பேட்டியில் பேலைப் பற்றி இதையேதான் சொன்னார். அணியோடு இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் 'நான் பதினொரு மணிக்குத் தூங்கப் போய்விடுவேன்' என்று வரமாட்டாராம். அவருக்கு 'கோல்ஃப்காரர்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பதாகவும் சொன்னார். ஸ்பானிய மொழி பேசமாட்டார் என்று சக ஆட்டக்காரர் மார்செலோ சொன்னார். இதெல்லாம் பத்திரிகையில் வந்தபோது நம்ம ஆள் ஒருவன் இருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

2019 அக்டோபர் கடைசி ஞாயிறு. ஐரோப்பாவில் அன்று அதிகாலை மூன்று மணியை இரண்டு மணியாகத் திருப்பி வைப்பார்கள். அதாவது அன்றைக்கு இரண்டு மணி இரண்டு முறை வரும். இரண்டேகாலுக்குத் தானாக ஓட வேண்டிய பிரீமியம் வசூல் புரோகிராம் இரண்டு முறை ஓடிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து இரட்டைப் பணம் எடுக்கும் ஃபைல் தயாராக நிற்கிறது. அன்றைக்கு அந்தக் கணினி எனக்கு இயல்பாகவே சந்தேகமாக இருந்ததால் அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. வங்கிக்குப் போவதற்கு முன்னால் ஃபைலைப் பிடித்து நிறுத்தி, சரிபார்த்து, மறுபடி அனுப்பி முடிக்கும்போது விடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து என் மதிப்பீட்டுத் தாள் வந்தது. 'வேலை நன்றாகத் தெரியும். குழுவோடு ஒட்டவில்லை.' அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வரி இல்லை. விடுப்பு எடுப்பது பற்றி ஒரு வரி இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குத் திருநெல்வேலி போவேன், அதற்கு.

அதே வாரம்தான், நவம்பர் 19, கார்டிஃபில் ஹங்கேரியை 2-0 ஜெயித்து வேல்ஸ் யூரோ கோப்பைக்குத் தகுதி பெற்றது. கொடி அங்கேதான் வந்தது. அந்த வாசகம் ரசிகர்களின் கற்பனை இல்லை. மாட்ரிட்டின் பழைய நட்சத்திரம் மியாதோவிச் வானொலியில், பேலுக்கு முதலில் வேல்ஸ், பிறகு கோல்ஃப், அதற்குப் பிறகுதான் மாட்ரிட் என்று குத்திக்காட்டியிருந்தார். வேல்ஸ் ரசிகர்கள் அதையே பாட்டாக்கி, கொடியாக்கி, கொண்டாடினார்கள். மாட்ரிட்காரர்களுக்கு ஏன் எரிந்தது என்றால், அக்டோபர் நடுவிலிருந்து காயம் என்று மாட்ரிட்டுக்கு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வேல்ஸுக்கு மட்டும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டார். இது நியாயமான எரிச்சல்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை ரியல் சோசியடாடோடு ஆட்டம். என் பக்கத்து இருக்கை ஸ்பானியர் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேயூவில் சீசன் கார்டு (சீசன் முழுக்கச் செல்லும் டிக்கெட்) வைத்திருப்பவர், அவர் அப்பாவுக்கும் ஒன்று உண்டு. அன்றைக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எவ்வளவோ நல்ல மனிதர். இரண்டாம் பாதியில் பேல் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். உடனே அரங்கம் முழுக்க விசில். காதைக் கிழிக்கிற விசில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பரவாயில்லையே, மன்னித்துவிட்டார்களே என்று நானும் கைதட்ட ஆரம்பித்தேன். நம்ம ஊரில் தியேட்டரில் விசில் பறந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே விசில் என்றால் வசை. பக்கத்திலிருந்தவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே என் கையைப் பிடித்து நிறுத்தினார். பேல் பந்தைத் தொடும்போதெல்லாம் அதே சத்தம். ஆட்டம் 3-1 மாட்ரிட்டுக்கு வெற்றி. திரும்பி வரும்போது மெட்ரோவில் ஏன் என்று கேட்டேன். "ஆறு வருஷம் ஆச்சு. எங்களோட சாப்பிட்டதில்லை, எங்க மொழியில பேசினதில்லை" என்றார் ஆங்கிலத்தில். கோலைப் பற்றியோ காயத்தைப் பற்றியோ அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, பேச்சை வானிலைக்கு மாற்றினார்.

இப்போது என் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். கிளையண்ட் ஆபீஸில் செவ்வாய்க்கிழமை மாலை இலவச ஸ்பானிய வகுப்பு நடந்தது. நான் இரண்டு வகுப்புதான் போனேன். அந்த நேரத்தை விட்டால் ஊரில் மகள் தூங்கிவிடுவாள், வீடியோ காலில் பேச முடியாது. எனக்கு அது காரணம். அவர்களுக்கு அது அலட்சியம். பேல் பக்கமும் அப்படித்தான். 2020-இல் பெஞ்சில் உட்கார்ந்து முகக்கவசத்தைக் கண்ணில் இழுத்துவிட்டுத் தூங்குவதுபோல நடித்ததும், இன்னொரு நாள் கையைச் சுருட்டித் தொலைநோக்கி மாதிரி வைத்துப் பார்த்ததும் தேவையில்லாத வேலை. மறுபக்கம், கீவ் இறுதியாட்டத்துக்கே அவரை முதல் பதினொன்றில் வைக்காத பயிற்சியாளர் ஜிதான், 2019 ஜூலையில் 'நாளைக்கே போனால் இன்னும் நல்லது' என்ற மாதிரிப் பேசினார். பேலும் சீனாவில் ஒரு கிளப்புக்குக் கிளம்பத் தயாரானார், கடைசி நேரத்தில் கிளப்பே அதையும் நிறுத்தியது. போகவும் விடாமல் ஆடவும் விடாமல் வைத்துக்கொண்டு, சம்பளம் வாங்குகிறான் என்று திட்டினால் எப்படி? 2022 வரை ஒப்பந்தம் போட்டதும் அதே கிளப்தானே.

சம்பளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாட்ரிட்டில் நான் இருந்த வீட்டுக்காரர், சமையலறைச் சுவரில் மஞ்சள் கறை என்று சொல்லி ஒரு மாத வாடகை முன்பணத்தைத் திருப்பித் தரவே இல்லை. சுண்ணாம்பு அடிக்க அவ்வளவா ஆகும்? நாலு மெயில் போட்டேன், கூகுள் மொழிபெயர்ப்பில்தான். பதிலே இல்லை. கேள்விக்கு இதில் சம்பந்தம் இல்லைதான், ஆனால் வெளிநாடு போகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே சுவரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேல்ஸ் முதலில் என்றால் அது ஏன் என்று ஒரு மாட்ரிட் ரசிகரும் கேட்டதில்லை. முப்பது லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள நாடு. உலகக்கோப்பைக்கு 1958-இல் ஒருமுறை போனது, 2022 வரை அதோடு சரி. கார்டிஃபில் விட்சர்ச் பள்ளியில், இந்தப் பையன் இடது காலால் அடித்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பே இருக்காது என்று உடற்கல்வி ஆசிரியர் வலது காலால் மட்டும் ஆடச் சொன்னாராம். ரக்பியில் வேல்ஸ் கேப்டனான சாம் வார்பர்ட்டனும், டூர் டி பிரான்ஸ் ஜெயித்த கெரைன்ட் தாமஸும் அதே பள்ளி. அந்த நாட்டை 2016 யூரோ அரையிறுதி வரை இழுத்துப் போனார். 2022 மார்ச்சில் மாட்ரிட் பத்திரிகை ஒன்று அவரை 'ஒட்டுண்ணி' என்று எழுதியது. அதே வாரம் ஆஸ்திரியாவுக்கு எதிராக இரண்டு கோல், முதலாவது ஃப்ரீ கிக், வலையின் மேல்மூலை. ஜூனில் உக்ரைனை ஜெயித்து 64 வருஷத்துக்குப் பிறகு வேல்ஸ் உலகக்கோப்பைக்குப் போனது. அங்கே அவர்கள் போட்ட ஒரே கோலும் இவருடைய பெனால்ட்டிதான். 2023 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வேல்ஸுக்கு 111 ஆட்டம், 41 கோல். அந்த நாட்டு ஆண்கள் அணிக்கு வேறு யாரும் இவ்வளவு கோல் போட்டதில்லை.

ஓய்வுச் செய்தி வந்த அன்று அந்த சீசன் கார்டு நண்பர் வாட்ஸ்அப்பில் கோபா டெல் ரே ஓட்டத்தின் வீடியோவை அனுப்பினார். ஒரு சொல்கூட எழுதவில்லை. விசில் அடித்தவர்தானே என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அப்புறம் நானும் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன்.

என்னை 2020 பிப்ரவரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஹைதராபாத். வந்து நாலு வருஷம் ஆகிறது. தெலுங்கு நன்றாகப் புரியும். பேசுவேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.