வாசகர் கேள்வி-பதில்: வீட்டில் டாரண்டுலா வளர்க்கலாமா?

சிலந்திகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய சிலந்திகளான டாரண்டுலாக்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்தும், நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் மெக்சிகோ நாட்டின் சிவப்பு முழங்கால் டாரண்டுலா ஒன்றை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். இணையத்தில் பழக்கமான ஒருவர் கூரியரில் அனுப்பி வைப்பதாகச் சொல்கிறாராம். அதன் நஞ்சு உயிருக்கு ஆபத்தானதா? வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நஞ்சைப் பற்றிய அச்சத்தை முதலில் விலக்கிவிடலாம். டாரண்டுலாவின் நஞ்சால் மனிதர் இறந்ததாக நம்பத்தக்க மருத்துவப் பதிவு எதுவும் இல்லை. அதிலும் சிவப்பு முழங்கால் இனத்தின் கடி பெரும்பாலும் குளவி கொட்டியதைப் போன்ற வலியோடும் வீக்கத்தோடும் நின்றுவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டியது இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

செல்லப் பிராணி வணிகத்துக்காக மெக்சிகோவின் காடுகளிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்ட காரணத்தால், இந்தச் சிலந்தி 1985 ஆம் ஆண்டிலேயே அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் அது சார்ந்த பிராக்கிபெல்மா பேரினம் முழுவதுமே அப்பட்டியலுக்குள் வந்தது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சைட்டிஸ் பட்டியலிலுள்ள உயிரினங்களுக்கென நான்காம் அட்டவணையை ஏற்படுத்தியது. அதில் உள்ள உயிருள்ள விலங்கு ஒன்றை வைத்திருப்பவர் அதனை அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அது கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். 2024 ஆம் ஆண்டில் வந்த விதிகளின்படி இப்பதிவு மைய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக நடைபெறுகிறது. ஆகவே, ‘இங்கேயே பொரித்த குஞ்சுதான், பேப்பர் எதுவும் தேவையில்லை’ என்று விற்பவர் சொன்னால் அந்தச் சொல்லே போதுமான எச்சரிக்கை. முறையாகப் பொரித்த குஞ்சாக இருந்தால் அதன் தாய்க்குப் பதிவு இருக்கும்.

கூரியரில் வருவது எப்படி வருகிறது என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. 2021 ஜூலையில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர், போலந்திலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்திருந்த அஞ்சல் பார்சலைப் பிரித்தபோது, வெள்ளித் தாளிலும் பஞ்சிலும் சுற்றப்பட்ட சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இந்திய விலங்கியல் ஆய்வகத்தினர் அவற்றை அமெரிக்கக் கண்டத்து டாரண்டுலா இனங்கள் என்று அடையாளம் கண்டார்கள். இறக்குமதி உரிமமோ உடல்நலச் சான்றோ இல்லாமையால் அவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புமாறு விலங்குத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் பரிந்துரைத்தார்கள்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. இந்த இனத்தின் பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். உங்கள் மகன் கல்லூரி விடுதிக்குப் போகும் நாளில் அந்தப் பெட்டி உங்கள் பொறுப்புக்கு வந்துவிடும் என்பதை அவனிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஆவணம் இல்லாமல் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக நான் வளர்த்து வரும் டாரண்டுலா மூன்று வாரமாக எதுவும் உண்ணாமல் இருந்து, இன்று காலையில் மல்லாந்து கிடக்கிறது. தொட்டுப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. இறந்துவிட்டதா?
— வாசகர், லண்டன்

பதில்: தொட்டுவிடாதீர்கள். மல்லாந்து கிடக்கும் டாரண்டுலா பெரும்பாலும் சட்டை உரித்துக்கொண்டிருக்கிறது. இறந்துவிட்டது என்று எண்ணி இந்த நிலையில் தூக்கி எறியப்பட்ட சிலந்திகள் எத்தனையோ.

இரண்டையும் பிரித்தறிய அதன் கால்களைப் பாருங்கள். சிலந்திக்குக் கால்களை மடக்கத் தசை உண்டு. முக்கியமான கால் மூட்டுகளை நீட்டத் தசை இல்லை, உடல் நீரின் அழுத்தத்தாலேயே அது காலை நீட்டுகிறது. நீர் வற்றியோ நோயுற்றோ இறக்கும் சிலந்திக்கு அந்த அழுத்தம் குறைந்துவிடுவதால், அது நிமிர்ந்த நிலையிலேயே எட்டுக் கால்களும் உடலுக்கு அடியில் சுருண்டு போய்க் கிடக்கும். சட்டை உரிக்கும் சிலந்தியோ, தானே பின்னிய வெண்பட்டு விரிப்பின்மேல் கால்களைப் பரப்பி மல்லாந்திருக்கும்.

பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால், டாரண்டுலா வளர்ப்பவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பேன். முன்னுடலின் மேலோடு விளிம்பில் பிளந்து ஒரு மூடி திறப்பதைப் போல மேலெழும்; பின்னுடலின் பக்கங்கள் கிழியும்; அதன் பிறகு ஒவ்வொரு காலும் விட்டுவிட்டுத் துடித்தபடி பழைய உறையிலிருந்து மெல்ல வெளியே இழுக்கப்படும். வளர்ந்த சிலந்திக்கு இது பல மணி நேரம் ஆகலாம். உரித்து முடித்ததும் நச்சுப்பற்கள் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். நாள் செல்லச் செல்லச் செந்நிறமாகிப் பிறகு கறுக்கும். அவை நன்கு கறுக்கும் வரை, பெரிய சிலந்திக்கு ஏறத்தாழ இரண்டு வாரமேனும், இரை போடக் கூடாது. பெட்டிக்குள் சுவர்க்கோழி ஏதேனும் எஞ்சியிருந்தால், சிலந்தியை அசைக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள். மேலோடு இறுகாத சிலந்தியை அது கடித்துத் தின்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் நிறைந்திருக்கட்டும்.

கழற்றிப் போட்ட சட்டையையும் எறிந்துவிட வேண்டாம். சோப்புத் துளி கலந்த நீரில் அதை ஊறவைத்துப் பின்னுடல் தோலை மெதுவாக விரித்து, அதன் அடிப்பக்கத்தில் வெளிறிய திட்டுகளாகத் தெரியும் நுரையீரல் தடங்களின் முன் இணைக்கு இடையே உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். விந்தைச் சேமிக்கும் சிறு மடிப்பு அங்கே தெரிந்தால் உங்கள் சிலந்தி பெண்.

கேள்வி: தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் டாரண்டுலா நம்மை அடையாளம் கண்டுகொள்ளுமா?
— வாசகர், கிள்ளான்

பதில்: கண்டுகொள்ளாது. உங்கள் கை அதற்கு வெதுவெதுப்பான ஒரு தரை, அவ்வளவே. கையில் அமைதியாக நிற்பதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வது நம்முடைய ஆசையே தவிர அதனுடைய குணம் அன்று.

கையில் எடுப்பதால் பெரும் கேடு சிலந்திக்குத்தான். அதன் பின்னுடலின் தோல் மிக மெல்லியது. மார்பளவு உயரத்திலிருந்து விழுந்தால் அது கிழிந்து, உடல் நீர் வடிந்து இறந்துவிடக்கூடும். மனிதருக்கு வரும் கேடு பல்லைவிடச் சுணையால் அதிகம். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவும் கலவரமடைந்தால் பின்னங்கால்களால் வயிற்றின் மேலுள்ள முள்மயிர்களைத் தேய்த்து உதிர்க்கும். இவை தோலில் பட்டால் நாள் கணக்கில் அரிக்கும், கண்ணில் பட்டால் நிலைமை வேறு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கண் மருத்துவர்கள், கண் சிவந்து நீர் வடிந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வந்த ஓர் இளைஞருக்குத் தொற்று என்று கருதித் தரப்பட்ட மருந்துகள் பயன்படாமல் போன பிறகு, கருவிழியில் நுண்ணிய மயிர்கள் குத்தி நிற்பதைக் கண்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு தம்முடைய சிலி நாட்டு டாரண்டுலாவின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முகத்தில் மயிர்களைத் தூவியதை அப்போதுதான் அவர் நினைவுகூர்ந்தார். நுண்கருவியாலும் எடுக்க முடியாத அளவுக்கு அவை சிறியவை. பெட்டியைத் துடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். முகத்தைப் பெட்டியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் நாய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலிய டாரண்டுலாக்கள் கடித்து நாய்கள் இறந்திருப்பது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

கேள்வி: பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இங்கே குளிர்காலம் கடுமை என்பதால் அடியில் சூடேற்றும் விரிப்பு வாங்கலாமா?
— வாசகி, ஸ்கார்பரோ

பதில்: தரையில் வாழும் இனம் என்றால் அகலம் போதும், உயரம் வேண்டாம். மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையிலான தொலைவு, சிலந்தியின் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதபடி தென்னை நார்க்கழிவைத் தாராளமாக நிரப்புங்கள். அங்கே கடைகளில் கட்டியாக விற்கும் இந்த நார்க்கழிவு பொள்ளாச்சியிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்ததாக இருக்கவும் வாய்ப்புண்டு. உரம் கலக்காததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மறைந்துகொள்ள ஒரு மரப்பட்டை, ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம், காற்றோட்டம் ஆகியவை இருந்தால் போதுமானது. கிண்ணத்தில் பஞ்சு போடச் சொல்வது பழைய வழக்கம்; அது அழுக்கும் கிருமியும் சேரும் இடம், தேவையில்லை.

அடியில் வைக்கும் சூட்டு விரிப்பு வேண்டவே வேண்டாம். இயற்கையில் வெயில் மேலிருந்து வருவதால், சூடு அதிகமானால் சிலந்தி கீழே தோண்டிப் போய்த் தப்பிக்கும். நீங்கள் அடியிலிருந்து சூடேற்றினால், தப்பிக்கப் போகும் இடத்திலேயே அது வெந்துபோகும். ஸ்வெட்டர் இல்லாமல் நீங்கள் உட்கார்ந்திருக்க முடிகிற அறை, பெரும்பாலான இனங்களுக்கும் போதும்.

கேள்வி: சிங்கப்பூர் அடுக்ககத்தில் ஒரு சிறிய டாரண்டுலாவை வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: கூடாது. அங்கே டாரண்டுலாவைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பது சட்ட விரோதம். சிறியது, பெரியது என்ற வேறுபாடு இதற்கு இல்லை.

கேள்வி: எங்கள் தோப்பின் புளியமரப் பொந்தில், விரித்த உள்ளங்கை அளவுள்ள, சாம்பல் நிறத்தில் கோலம் போட்டதுபோன்ற சிலந்தி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இதற்கு நல்ல விலை என்கிறார்கள். பிடித்து வளர்க்கலாமா?
— வாசகர், ராமநாதபுரம்

பதில்: நீங்கள் பார்த்தது போய்சிலோதேரியா பேரினத்தைச் சேர்ந்த மரச்சிலந்தியாக இருக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் பேரினம் இது. உங்கள் மாவட்டத்துக்கே உரிய பெருமையும் இதில் உண்டு: ராமேசுவரம் தீவிலுள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே தாங்கிய ஓர் இனம் 2004 ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. புளியந்தோப்பு வெட்டப்பட்டால் அதற்குப் போக்கிடம் குறைவு.

விலை என்ற பேச்சுக்கு ஆந்திரத்து நீலச் சிலந்தியின் கதையை நினைத்துப் பாருங்கள். 1899 ஆம் ஆண்டில், கூட்டி என்ற ஊரின் ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து அந்த இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். அது ரயிலில் வந்த மரக்கட்டைகளோடு வந்திருக்க வேண்டும். ஏனெனில் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 2001 ஆம் ஆண்டில், அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில்தான் அதன் வாழிடம் தெரியவந்தது. இன்றைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆர்வலர்களின் வீடுகளில் அந்த நீலச் சிலந்தி சர்வ சாதாரணமாகப் பொரிக்கிறது. சொந்தக் காட்டிலோ மிகச் சிறிய பரப்புக்குள் முடங்கி நிற்கிறது. 2019 ஆம் ஆண்டில் இந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்த்ததற்குச் செல்லப் பிராணி வணிகம் ஒரு முக்கியமான காரணம்.

உங்கள் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். நம் பகுதி மரச்சிலந்திகளுக்குச் சுணை கிடையாது. ஆகையால் அவை விரைந்து ஓடும், ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். இப்பேரினத்தின் கடி கடுமையான தசைப்பிடிப்பைத் தருகிறது, அது சில நாட்களுக்குப் பிறகு திரும்பவும் வரலாம் என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. மாற்று நஞ்சு மருந்து எதுவும் கிடையாது. பிடிக்கவும் வேண்டாம், பொந்தை அடைக்கவும் வேண்டாம். பகலில் அது வெளியே வராது. இரவில் சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தால், பொந்தின் வாயில் கரப்பானுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: சென்ற கோடையில் கடைசியாகச் சட்டை உரித்த என் டாரண்டுலா, அதன் பிறகு மெலிந்த உடலும் நீண்ட கால்களுமாக மாறிவிட்டது. உணவைத் தொடுவதில்லை, இரவெல்லாம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நோயா?
— வாசகி, பர்மிங்காம்

பதில்: நோய் அன்று; அது முதிர்ந்த ஆண். முகத்தருகே உள்ள இரண்டு சிறு உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறையைப் போலப் பருத்திருக்கிறதா, முன்னங்கால்களின் அடியில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா இனங்களுக்கும் கொக்கி இராது, பருத்த நுனி இருந்தால் ஐயமே இல்லை. இனி அது சட்டை உரிக்காது. சுற்றி அலைவது பெண்ணைத் தேடித்தான். இந்த நிலையில் ஆண் சிலந்தி சில மாதங்களிலிருந்து ஓரிரண்டு ஆண்டுகள் வரையே வாழும். அதே இனத்துப் பெண்ணை வைத்திருப்பவர் யாரேனும் அருகில் இருந்தால் இனப்பெருக்கத்துக்குக் கொடுத்து வாங்குவது அங்குள்ள ஆர்வலர்களிடையே வழக்கம். பெண் அதைத் தின்றுவிடவும் கூடும் என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும். கொடுக்க விருப்பமில்லை என்றால் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை சிறிய இரை ஒன்றைப் போட்டு, மறுநாளும் தொடாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.