வாந்தி என்றால் முதலில் தலையைப் பாருங்கள்

கேள்வி: வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் இருக்கிறோம். ஐந்து மாத மகனுக்கு மூளையில் நீர் கோத்து, கோட்டயத்தில் ஷண்ட் வைத்து ஆறு வாரம் ஆகிறது. போன வாரம் இரண்டு வேளை பாலைக் கக்கினான். குடல் ஏறியிருக்கிறது, தட்டி எடுக்கலாம் என்றார் மாமியார். நான் விடவில்லை, தானாகச் சரியாகிவிட்டது. இனி வந்தால் என்ன செய்வது? கம்பத்தில் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: நீங்கள் தடுத்தது ரொம்பச் சரி, சகோதரி. ஷண்ட் என்பது மூளையில் தேங்கும் நீரை, காதுக்குப் பின்னால், கழுத்து, நெஞ்சு என்று தோலுக்கு அடியிலேயே கொண்டுபோய் வயிற்றுக்குள் இறக்கிவிடும் மெல்லிய குழாய். ஒரு முனை வயிற்றுக்குள் இருக்கும்போது வயிற்றைப் பிசைவதோ, பிள்ளையைக் குலுக்குவதோ, துணியில் போட்டு உருட்டி உரம் எடுப்பதோ கூடவே கூடாது. அதைவிட ஆபத்து, அதில் கழியும் நேரம். குழாய் அடைத்துக்கொண்டால் பல பிள்ளைகளுக்கு முதலில் தெரிவது வாந்திதான்.

அவன் அழாமல் இருக்கும்போது நிமிர்த்திப் பிடித்து, உச்சிக்குழியில் விரல் நுனியை மெதுவாக வையுங்கள். மெத்தென்று, லேசாகத் துடித்தபடி சமமாக இருக்க வேண்டும். அழும்போது புடைப்பது இயல்பு. அழாதபோதும் விம்மி விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பாலுக்குக்கூட எழுப்ப முடியாத தூக்கம், விடாத சிணுங்கல், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு, தையலில் நீர்க்கசிவு இவையும் அப்படித்தான். முதல் சில மாதங்களில்தான் கிருமித் தொற்று அதிகம் வரும். உச்சிக்குழி சரியாக இருந்தும் வாந்தி தொடர்ந்தால் அப்போதும் கிளம்புங்கள்.

போன வாரம் கக்கியதையும் விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. குழாய் எங்கே போகிறது என்று டாக்டர் கையால் தொட்டுக் காட்டினால், நீங்கள் வீட்டில் நூறு தடவை சொல்வதைவிட அவருக்கு விளங்கும். பேரன் மேல் இருக்கிற பாசத்தில்தானே அவர் சொல்கிறார்!

வாரம் ஒரு தடவை, புருவத்துக்கு மேலேயும் பின்தலை மேட்டிலும் படும்படி டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். இந்த வயதில் தலை மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அது ஒரே வாரத்தில் ஏறினால் உடனே காட்ட வேண்டும். தையல் நன்றாக ஆறிய பிறகு எண்ணெய் தடவலாம். காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். தடுப்பூசி எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

கம்பத்துக்கு, டாக்டர் பார்த்த பிறகு தாராளமாகப் போய் வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் இரண்டும் பையில் இருக்கட்டும், போனிலும் படம் எடுத்து வையுங்கள். அங்கே ஏதாவது என்றால் மலையேறிக் கோட்டயம் திரும்ப வேண்டியதில்லை. 108-ஐக் கூப்பிட்டு, "தலையில் ஷண்ட் வைத்த பிள்ளை" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.