டைட்டானியமா, எஃகா? வால்வு ஸ்பிரிங் ரீடெய்னர் வாங்கும் முன்

கேள்வி: என்னுடைய 1.3 லிட்டர், 16 வால்வு பெட்ரோல் காருக்கு வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றி வேறு போட்டு, 6500 ஆர்.பி.எம். எல்லையை 7800 ஆக உயர்த்த எண்ணியிருக்கிறேன். தினமும் கடலூருக்கு வேலைக்குப் போய்வருவதும் இதே வண்டியில்தான். ஆண்டுக்கு ஓரிரு முறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் கொண்டு போவேன். வால்வு ஸ்பிரிங்கின் மேல்முனையை வால்வுத் தண்டோடு பிணைக்கும் வளையமான ரீடெய்னரை டைட்டானியத்தில் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். தெரிந்த லேத் பட்டறைக்காரரோ அலுமினியத்தில் கடைந்து தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது?
- ஒரு வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: அலுமினியத்தை இப்போதே மறந்துவிடுங்கள். 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் மணிக்கு 90,000 முறை திறந்து மூடுகிறது. எஃகுக்கு, ஓர் அளவுக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் களைத்து உடையாத வரம்பு உண்டு. அலுமினியத்துக்கு அது கிடையாது. ரீடெய்னர் உடைந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழும். பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் அதோடு போகும்.

உங்கள் நண்பர்கள் எடையைப் பற்றிச் சொல்வது சரிதான். வால்வோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகங்களின் நிலைம விசை, சுழற்சி வேகத்தின் இருமடியில் கூடுவதால், 6500-லிருந்து 7800-க்குப் போகும்போது வேகம் 20 சதவீதமே கூடினாலும் விசை 44 சதவீதம் கூடிவிடுகிறது. ஸ்பிரிங்கால் அதை அடக்க முடியாதபோதுதான் வால்வு கேமை விட்டு விலகி மிதக்கத் தொடங்குகிறது. 12 கிராம் எஃகு ரீடெய்னரை அதே வடிவில் டைட்டானியத்தில் செய்தால் ஏறத்தாழ 7 கிராம்தான் வரும்.

ஆனால் டைட்டானியம் உரசலைத் தாங்காது. அண்மையில் என் கைக்கு வந்த ஒன்றில், ஸ்பிரிங்கின் முனை உட்காரும் இடத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, நகத்தை ஓட்டினால் படி தட்டியது. ஹெட்டின் எண்ணெயிலும் சாம்பல் நிறப் பொடி கலந்திருந்தது. பந்தய வண்டி என்றால் அடிக்கடி பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் அதை யார் செய்வார்கள்? ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, மெல்லிய வடிவில் கடைந்து வெப்பப் பதப்படுத்திய டூல் ஸ்டீல் (கருவிகள் செய்யப் பயன்படும் கடின எஃகு) ரீடெய்னர். மேல்முனை குறுகிய தேன்கூடு வடிவ ஸ்பிரிங் உங்கள் ஹெட்டுக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, ரீடெய்னரே சிறியதாகிவிடும்.

எந்த உலோகமானாலும், அளக்காமல் பூட்டாதீர்கள். முதலில் கேமுக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கை முடிவு செய்து, அதன் விட்டத்துக்கும் உங்கள் வால்வு லாக்கின் (ரீடெய்னரை வால்வுத் தண்டில் பிடித்து நிறுத்தும் ஆப்பு போன்ற சிறு துண்டுகள்) சாய்வுக் கோணத்துக்கும் ஏற்ற ரீடெய்னரை எடுங்கள். 7 பாகை லாக்கை 10 பாகை ரீடெய்னரில் போட்டால் பிடிப்பே இராது. வால்வு மூடிய நிலையில் ரீடெய்னரின் அடிக்கும், வால்வுத் தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலின் தலைக்கும் உள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்து, கேமின் முழு லிஃப்டை, அதாவது வால்வு திறந்து இறங்கும் முழுத் தூரத்தைக் கழியுங்கள், மிச்சம் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. லிஃப்ட் 9 மி.மீ. என்றால் இடைவெளி 10.5 மி.மீ.யாவது வேண்டும். புதிய ரீடெய்னரில் ஸ்பிரிங் உட்காரும் இடம் 1 மி.மீ. தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கும் அந்த அளவுக்கு முன்கூட்டியே அமுங்கியிருக்கும்; முழு லிஃப்டில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கிய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவி மூடி வையுங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் துருப்புள்ளி விழுந்த ஸ்பிரிங், அந்தப் புள்ளியிலிருந்தே விரிசல் விடும்.