16,384 படி இருந்தால் கமகம் வந்துவிடுமா?

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடுவேன். வீட்டில் விலை குறைந்த மிடி கீபோர்டு (வாசிப்பதை எண்களாகக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு) ஒன்று இருக்கிறது. சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலை ஆட்டிக் கமகம் கொடுத்தால் வழுக்கிப் போகாமல் படிப்படியாகக் கேட்கிறது. கடைக்காரர் விரலுக்கு விரல் தனியாகச் சுருதியை அசைக்கக்கூடிய எம்பிஈ வகை மிடி கருவி ஒன்றைக் காட்டி, “இது 14 பிட், 16,384 படி” என்கிறார். விலை லட்சத்தைத் தாண்டுகிறது. வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணுக்காக மட்டும் வாங்காதீர்கள். 1983-இல் மிடி வந்தபோதே பிட்ச் பெண்டுக்கு, அதாவது வீல் அனுப்பும் சுருதி மாற்றத்துக்கு, 14 பிட் ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் கீபோர்டுக்கும் அதே இடம்தான். வீலுக்கு அடியில் இருக்கும் சென்சார் அந்த இடத்தை நிரப்புகிறதா என்பதுதான் கேள்வி. மலிவான கருவிகள் சிலவற்றில் உண்மையில் கிடைப்பது 128 படிதான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர், இரண்டும் இலவசம். ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வீலை மிக மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் 8192 இருக்கும். அங்கிருந்து 8195, 8201, 8206 என்று நெருக்கமாக ஏறினால் நல்லது. 8320, 8448 என்று ஒவ்வொரு முறையும் 128 தாவினால் அது பெயருக்குத்தான் 14 பிட். எண்ணை இரண்டு பைட்டாகக் காட்டும் மென்பொருள் என்றால், முதல் பைட் அசையாமல் இரண்டாவது மட்டும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதுவும் அதே கதைதான்.

அடுத்தது ரேஞ்ச், அதாவது வீலை முழுதாகத் தள்ளினால் சுருதி எவ்வளவு நகரும் என்ற அளவு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு செமிடோன் (கறுப்பும் சேர்த்து, அடுத்தடுத்த இரண்டு கீகளுக்கு இடையே உள்ள சுருதி தூரம்) 100 சென்ட். 128 படியை வைத்துக்கொண்டு ரேஞ்சை மேலும் கீழும் 2 செமிடோன் என்று வைத்தால், ஒரு படி 3 சென்ட் சொச்சம். காதுக்குப் பெரிதாகத் தெரியாது. அதே வீலில் ரேஞ்சை 12 என்று வைத்தால் ஒரு படி ஏறக்குறைய 19 சென்ட். பிரமாண சுருதி என்று ஒரு மிகச் சிறிய சுருதி இடைவெளியைச் சொல்கிறோமே, அதுவே 22 சென்ட்தான். படி கேட்காமல் எப்படி இருக்கும்? சிந்த்தில் (ஒலியை உண்டாக்கும் கருவி அல்லது மென்பொருளில்) உங்கள் ரேஞ்ச் என்ன என்று முதலில் பாருங்கள். 12 இருந்தால் 2-க்கு இறக்குங்கள். பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீரலாம்.

2 போதுமா? தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் இடையே ஆடும் சுரம் அது; நடுவிலிருந்து இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு செமிடோன். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) போட 7 செமிடோன் வேண்டும். அங்கே வீல் கைவிடும். இன்னொன்று, வீல் அந்தச் சேனலில் (மிடி செய்திகள் போகும் தடத்தில்) ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே இழுக்கும். இடது கையில் சட்ஜத்தைப் பிடித்திருந்தால் அதுவும் ஆடும்.

எம்பிஈ வந்தது இதற்காகத்தான். 2018-இல் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறையில் ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல், வழக்கமான ரேஞ்ச் மேலும் கீழும் 48 செமிடோன். 14 பிட் முழுவதும் வேலை செய்தால் அந்த ரேஞ்சிலும் ஒரு படி 0.6 சென்ட்தான். 128 படி மட்டும் இருந்தால் 75 சென்ட்; காது பொறுக்காது.

0.6 சென்ட் கிடைத்த பிறகு மேலும் படிகளை எண்ணுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் அப்புறம் தடை உங்கள் விரல்தான். சாதாரணக் கீபோர்டில் ஒரு ஆக்டேவ் சுமார் 16.5 சென்டிமீட்டர். அதே அளவுப் பலகையில் விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 7 சென்ட் நகரும். ஆகவே தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். எம்பிஈ கருவிகளில், சீபோர்டின் சிலிக்கோன் பரப்பு சிலர் விரலை இழுத்துப் பிடிக்கும். ஆஸ்மோஸில் கீ பக்கவாட்டில் அசையும். கம்பிதத்துக்கு (சுரத்தை ஆட்டும் கமகத்துக்கு) அருமை, கீ கீயாக இருப்பதால் நீண்ட ஜாருவுக்கு அத்தனை இல்லை. ரஹ்மான் மேடையில் வாசித்த கான்டினியூவம் கீயே இல்லாத ஒரே பரப்பு. சுர ஸ்தானத்தைக் காதால்தான் பிடிக்க வேண்டும். பாடுகிறவருக்கு அது பெரிய சுமை இல்லை, விலைதான் சுமை. லின்ஸ்ட்ரூமென்ட் என்றால், விரல் நின்றதும் சுருதியைப் பக்கத்துச் செமிடோனுக்கு இழுக்கும் அமைப்பை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். அது இருக்கும்வரை உங்கள் காந்தாரத்தோடு மல்லுக்கு நிற்கும்.

கேள்வி: புது எம்பிஈ கருவியில் ஒரு முழு ஆக்டேவ் விரலை இழுத்தாலும் அரை செமிடோன்தான் ஏறுகிறது. பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பழுதில்லை. கருவி 48 என்று நினைத்து அனுப்புகிறது, சிந்த் 2 என்று நினைத்து வாசிக்கிறது. 12-இல் 24-இல் ஒரு பங்கு அரைதானே? இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள். சிந்த்தில் 48 கிடையாது என்றால் இரண்டையும் 24 ஆக்குங்கள். பழைய ஐந்து பின் கேபிளில் இணைத்திருந்தால் யூஎஸ்பிக்கு மாறுவதும் நல்லது. அந்தக் கேபிளில் ஒரு பெண்ட் செய்தி போக ஒரு மில்லிசெகண்ட் ஆகும். நாலு விரல் அழுத்தமும் அசைவும் சேர்ந்தால் நெரிசல்தான்.

கேள்வி: பழைய சீபோர்டு ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மடிக்கணினியோடு போங்கள். முன்பு சொன்ன மென்பொருளைத் திறந்து, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை மெதுவாக இழுங்கள். எங்கேயாவது எண் தாவினாலோ நின்றுபோனாலோ அந்த இடத்தில் சென்சார் போய்விட்டது. பிறகு விரலை அசைக்காமல் வையுங்கள். எண் 10 படிக்கு மேல் அலைந்தால், 48 ரேஞ்சில் அது 6 சென்ட். நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் தெரியும். இன்னொரு விஷயம்: சீபோர்டைச் செய்த ரோலி நிறுவனம் 2021-இல் நொடித்து, கைமாறி, மறுபடி எழுந்தது. அதனால் பழைய மாடலின் மென்பொருள் உங்கள் கணினியில் ஓடுகிறதா, விற்பவரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாறுமா என்று அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பணத்தை அதற்கு அப்புறம் எடுத்தால் போதும்.