நாலு கிலோவுக்கு மேல பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதுமா?

கேள்வியப் பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. பக்கத்துல யாரோ உக்காந்துகிட்டு "இவ்ளோ பெரிய புள்ளைக்கு உன் பால் எங்க பத்தப் போகுது"ன்னு சொல்லிட்டே இருக்காங்க, நீங்க ராத்திரி மூணு மணிக்கு ஒரு கையில குழந்தையையும் இன்னொரு கையில போனையும் வச்சுகிட்டு முழிச்சிருக்கீங்க. நானும் அப்படி முழிச்சவதான்.

பெரும்பாலும் போதும்ங்க. குழந்தை பெருசா இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக பவுடர் பால் ஆரம்பிக்க வேண்டியதில்ல. பவுடர் பால் குடுக்கிறவங்க யாரும் சண்டைக்கு வராதீங்க, நானே குடுத்தவதான். நான் டாக்டரும் இல்ல.

என் பையன் பிறக்கும்போது 4.2 கிலோ. எனக்கு கர்ப்பத்துல சுகர் இருந்தது, சிசேரியன் வேற. அவன் குதிகால்ல குத்தி சுகர் பாத்தாங்க, முதல் தடவை சரியா இருந்தது, ரெண்டாவது தடவை குறைஞ்சிடுச்சு. ரெண்டு வேளைக்கு மட்டும் ஸ்பூன்ல பவுடர் பால் குடுங்கன்னு டாக்டர் சொன்னாங்க, நான் அழுதுட்டேன். அப்புறம்தான் காரணத்த விளக்குனாங்க. நம்ம ரத்தத்துல இருக்கிற கூடுதல் சுகர் குழந்தைக்கும் போகும், அதுக்கு ஈடுகட்ட குழந்தை உடம்பு இன்சுலின அதிகமா சுரந்து பழகிடும், தொப்புள்கொடிய வெட்டுனதும் சுகர் வரத்து நின்னுடுது, ஆனா இன்சுலின் உடனே குறையாது. அதனால உங்களுக்கும் சுகர் இருந்திருந்தா முதல் ஒரு நாள் டாக்டர் என்ன சொல்றாங்களோ அதக் கேளுங்க, அந்த ரெண்டு வேளை மருந்து மாதிரி.

மறுநாளே சுகர் சரியாயிடுச்சு. நாலாவது நாள் எடை போட்டா 3.84. எங்க அத்தைக்கு அது போதும், "பாத்தியா, பசியில இளைச்சுட்டான்"னு டப்பாவ எடுத்துட்டு வந்துட்டாங்க. கணக்கு போட்டா எட்டரை சதவீதம்தான் குறைஞ்சிருக்கு. பிறந்த முதல் சில நாள்ல 7, 8 சதவீதம் வரைக்கும் குறையுறது சகஜம், 10-ஐத் தாண்டுனாதான் கவலைப்பட்டுப் பாக்கணும். எனக்கு ஏத்துன டிரிப்ஸ் தண்ணி அவன் உடம்புலயும் கொஞ்சம் இருந்திருக்கும், அது உச்சாவாப் போனாலும் எடை இறங்கும். இதெல்லாம் அப்ப யார் எனக்கு சொன்னா?

அவன் அழும்போதெல்லாம் டப்பாப் பால் 30 மில்லி குடுத்தோம். குடிச்சுட்டு மூணு மணி நேரம் தூங்குவான், அந்த நேரத்துல எனக்குதான் பால் கட்டிகிட்டு மார்பு கல்லு மாதிரி ஆகி காய்ச்சலே வந்துடுச்சு. காலியாக ஆகத்தான் பால் ஊறும், கட்டிகிட்டே கிடந்தா உடம்பு சுரக்கிறதக் குறைச்சுக்கும். அஞ்சாறு நாள்ல எனக்கு நிஜமாவே பால் குறைஞ்சுது, அத்தை சொன்னது பலிச்ச மாதிரி ஆயிடுச்சு.

மாத்துனது ஒரு வயசான நர்ஸ். நான் குடுக்கிறத ரெண்டு நிமிஷம் பாத்தாங்க, அவன் வாய எடுத்ததும் காம்பப் பாத்தாங்க, லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சப்பையா சரிஞ்சு இருந்தது. "காம்ப மட்டும் சப்புறான்மா, பால் இறங்கல"ன்னாங்க. அவன் தலையப் புடிச்சு அழுத்திட்டு இருந்த என் கைய எடுக்கச் சொல்லி, தையல் மேல வெயிட் விழாம அவன என் கக்கத்துக்கு அடியில, கால் முதுகுப் பக்கம் போற மாதிரி வச்சாங்க (பெரிய குழந்தைக்கு இதுதான் வசதி), வாய அகலமாத் திறக்கிற வரைக்கும் காத்திருந்து சட்டுனு கிட்ட கொண்டு வந்தாங்க. கறுப்புப் பகுதியும் முக்கால்வாசி உள்ள போச்சு. ரெண்டு மூணு சப்பு, ஒரு முழுங்கு, களக்னு சத்தம். பத்து நாளா அந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்லன்னு அப்பதான் உறைச்சுது.

டப்பாவ ஒரே நாள்ல நிறுத்தல, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சோம். 24 மணி நேரத்துல 8-ல இருந்து 12 தடவை குடுத்தேன். 13-வது நாள் பிறந்த எடைக்குத் திரும்பிட்டான், அதுக்கப்புறம் தினம் 25, 30 கிராம் ஏறுனான்.

பெரிய குழந்தைக்கு ரெண்டு மடங்கு பால் வேணும்ங்கிறதும் சரியில்ல. முதல் நாள் எந்தக் குழந்தையும் ஒரு வேளைக்கு சில மில்லிதான் குடிக்கும், சீம்பால் அதுக்குத்தான் துளித்துளியா வருது. ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் சராசரியா ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பக்கம்தான் குடிக்கும். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு சொல்றதும் எடை பாத்து இல்ல. நடுவுல தண்ணிகூட வேண்டாம். வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க.

இதுக்கு சம்பந்தமில்லாத ஒண்ணு, சொல்லாம இருக்க முடியல. பாக்க வந்தவங்க குடுத்த துணி பதினோரு செட்டு, எல்லாம் புதுசாப் பிறந்த குழந்தை சைஸ். ஒண்ணுகூட அவன் தோள்ல ஏறல. பில் இல்லாம மாத்தவும் முடியாது. நாலு கிலோ குழந்தைன்னு ஊருக்கே தெரியும், போன்ல கேட்டுக் கேட்டு ஆச்சரியப்பட்டவங்கதான் எல்லாரும், துணி வாங்கும்போது மட்டும் மறந்துடுமா? இன்னும் அலமாரியில கிடக்கு.

சரி, உங்க விஷயம். யார் சொல்றதையும் கேக்காம ஒரு நோட்டு எடுத்து கோடு போடுங்க. அஞ்சாறு நாள் ஆன குழந்தைன்னா ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நல்லா உச்சா போகணும், கறுப்பா இருந்த மலம் மஞ்சளா மாறியிருக்கணும். நாலஞ்சு நாளுக்கப்புறமும் உச்சா செங்கல் நிறத்துல வந்தாலோ, பால் குடிக்க எழுப்பியும் எழும்பலன்னாலோ, கை கால் நடுங்குனாலோ, மஞ்சள் காமாலை கூடுனாலோ, ரெண்டு வாரம் ஆகியும் பிறந்த எடைக்கு வரலன்னாலோ என் பதில விட்டுட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. அப்ப கூடுதல் பால் குடுக்கச் சொன்னா முதல்ல உங்க பாலையே பீச்சி ஸ்பூன்ல குடுக்கலாமான்னு கேளுங்க, பத்தலன்னா டப்பாப் பால் குடுங்க, தப்பே இல்ல.

குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆச்சு, நேத்து எத்தனை தடவை உச்சா போச்சுன்னு நீங்க கேள்வியில சொல்லவே இல்லையே?